இடப்பக்கப் பாதை

என் கணவர் மொன்றியலில் கூரை வேலை செய்பவர். தட்டைக் கூரைகளில் வெடித்துப்போன பழைய தாரைக் கிழித்தெடுத்துவிட்டு, புதிய விரிப்பை நெருப்புச் சுவாலையால் உருக்கி ஒட்டுகிற வேலை. இருபத்தாறு வருடங்களாக மூன்றாம் மாடி, நான்காம் மாடி விளிம்புகளில் நடந்தவருக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. நான் அதே நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு கார்டரியில், வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். நாள் முழுக்கத் தரையில் குந்தியிருப்பவள். எங்கள் இருவரையும் மலை ஏற வைத்தது எங்கள் ஒரே மகள்.

அவருக்குச் சீனி வருத்தம் தொடங்குகிறது என்று டாக்டர் சொன்ன வருடம், மகள் அவரை ஓர் ஏறுசுவர்க் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பழைய தையல் ஆலை ஒன்றின் உள்ளே, மூன்று மாடி உயரத்துக்கு, நிறம் நிறமான பிடிகள் பொருத்திய சுவர்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஐம்பத்தொரு வயதில், முதல் நாளே அவர் உச்சி வரைக்கும் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று தரம். சாப்பாட்டு மேசையில் முடிச்சுப் போட்டுப் பழகினார். உண்மையான மலையில் ஏற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

மகள்தான் ஸ்பெயினின் வடக்கே உள்ள பிக்கோஸ் டி யூரோப்பா மலைத்தொடரின் படத்தை அவருக்குக் காட்டினாள். வெள்ளைச் சுண்ணக்கல் மலைகள். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் வழிகாட்டியோடு கயிற்றில் ஏறுவது, மற்ற நாட்களில் நடப்பது என்று அவள் திட்டம் போட்டாள். வரைபடங்களை வாங்கியவளும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவளும் அவள்தான். நான் பனிக்காலம் முழுக்க நகர் நடுவே உள்ள மொன் றோயல் குன்றின் மரப்படிகளில் ஏறி இறங்கி என் முழங்கால்களைப் பழக்கினேன்.

போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் சுவரிலிருந்து பிழையாகக் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி சொன்னாள்.

"அம்மா, அடுத்த வருசம் மூண்டு பேருமாப் போவம். நான் இல்லாமல் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்றார் அவர். "மலை எங்கயும் ஓடாது எண்டு சொல்லுவாய். ஆனா என்ர லீவு அடுத்த வருசத்துக்கு நிக்காது. பாதைதானே, போட்டு வைச்சிருப்பாங்கள்."

அவருடைய ஒரு பழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். வழி தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் யாராவது வழி கேட்டால் நின்று, கையை நீட்டி, விளக்கமாகச் சொல்வார். ஒருமுறை மெட்ரோ வாசலில் ஒரு தம்பதிக்கு அவர் காட்டிய வைத்தியசாலை நேர் எதிர்த் திசையில் இருந்தது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கெட்ட எண்ணமில்லை. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. போர்த்துக்கேயரோடு கூரையில் வேலை செய்ததால் ஸ்பானிய மொழியும் தனக்குப் பாதி வரும் என்று நம்பினார்.

நாங்கள் தங்கிய ஊர் ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்தது. அதற்கு அப்பால் தெரு இல்லை. மூன்று பக்கமும் செங்குத்தான சாம்பல் நிறப் பாறை, பகல் பதினொரு மணிக்குத்தான் வெயில் உள்ளே வந்தது. முதல் நாள் பின்னேரம் தேவாலயத்துப் பக்கம் நடந்தோம். அதை ஒட்டிய சிறிய இடுகாட்டின் சுவரில் உலோகத் தகடுகள் பதித்திருந்தார்கள். மலையில் இறந்தவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, இறந்த சிகரம். இருபத்திரண்டு, பத்தொன்பது, நாற்பத்தொன்று. சிலவற்றில் கயிறும் பனிக்கோடரியும் செதுக்கியிருந்தது. கணவர் படம் எடுத்தார். மகளுக்கு அனுப்பப் போகிறார் என்று விளங்கியதும் கைத்தொலைபேசியை வாங்கி அந்தப் படத்தை அழித்தேன்.

"ஏன்?" என்றார்.

"தேவையில்லாமல் அந்தப் பிள்ளை பயப்பிடும்."

பயந்தது நான்.

மறுநாள் வழிகாட்டியோடு ஏறினோம். முப்பது வயது இருக்கும் பெண். பிரெஞ்சு தெரிந்தவள், குறைவாகப் பேசினாள். என்னை ஒரு சின்னப் பாறை முகட்டில் மட்டும் ஏற்றி இறக்கிவிட்டு, அவரை உயரமான ஒரு தூண்பாறைக்கு இட்டுச் சென்றாள். நான் கீழே புல்லில் இருந்து பார்த்தேன். சிவப்புத் தலைக்கவசம் மெதுவாக மேலே போனது. அவர் மொன்றியல் சுவரில் ஏறியதை விட அழகாக, பதற்றமில்லாமல் ஏறினார். பாறைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் ஏழெட்டு, சிறகை அசைக்காமல் வட்டமிட்டன. அவை எந்நேரமும் அங்கேதான் பறக்கும் என்று வழிகாட்டி பிறகு சொன்னாள். எனக்கு அப்போது அது தெரியாது.

இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும்போது அவள் எங்கள் மிச்ச நாட்களின் திட்டத்தைக் கேட்டாள். கேபிள் காரில் மேலே போய், அங்கிருந்து நடந்து மலைக்குடிலில் ஓர் இரவு தங்கப் போகிறோம் என்று அவர் சொன்னார். அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த மேட்டில் தண்ணீர் ஓடாது. எல்லாம் கல்லுக்குள்ளே இறங்கிவிடும். அதனால் எங்கும் குழிகள். சில குழிக்கு அடி இல்லை. வெயில் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கடல் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறினால் நடக்காதீர்கள். நின்ற இடத்தில் இருங்கள்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"கலையும் வரைக்கும்."

நான்காம் நாள் காலை வானம் நல்ல நீலம். கேபிள் காரில் எங்களோடு பாடசாலைப் பிள்ளைகள் நிறையப் பேர். மேலே இறங்கி ஒரு மணி நேரம் நடந்ததும் பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது. பிறகு கல் மட்டுமே. மரமோ புல்லோ இல்லை. வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசியது. பாதையென்று தனியாக ஒன்றுமில்லை. கல்லுக்கு மேல் கல் அடுக்கிய சிறு குவியல்களைப் பார்த்துப் பார்த்து நடக்கவேண்டும். பாதையோரம் கிணறு போன்ற குழிகள். ஒன்றுக்குள் நான் கல்லைப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வடக்குப் பக்கத்துக் கணவாயில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுப்பில் பொங்கி வழிகிற பால் போல, அது கணவாயின் விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, அதைப் பாருங்கோ. வழிகாட்டிப் பிள்ளை சொன்னதெல்லோ?"

"அது தூரத்தில நிக்குது. இன்னும் ரெண்டு மணித்தியால நடை. கெதியாப் போனால் போயிடலாம்."

நாங்கள் வேகமாக நடந்தோம். அரை மணி நேரத்தில் மூட்டம் எங்கள் மேல் வந்துவிட்டது. குளிர் பட்டென்று கழுத்துக்குள் இறங்கியது. பத்தடி முன்னால் போன அவருடைய பை மங்கி, சாம்பலாகி, மறைந்தது. நான் கூப்பிட்டேன். திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். இருவரும் அப்படியே குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு நடந்தோம். நின்ற இடத்தில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

பின்னேரம் மூன்றரை மணியளவில் பாதை இரண்டாகப் பிரிகிற ஓர் இடத்துக்கு வந்தோம். இரண்டு பக்கமும் கற்குவியல். அவர் வரைபடத்தை விரித்தார். வரைபடத்திலும் ஒரு பிரிவு இருந்தது. வலப்பக்கம் எங்கள் குடிலுக்கு, இடப்பக்கம் கேபிள் காருக்கு இறங்கும் குறுக்குப் பாதை.

"இதுதான்," என்றார்.

அப்போதுதான் ஒரு மனிதர் வந்தார். முதலில் தடியூன்றும் சத்தம். பிறகு மஞ்சள் மழைச்சட்டை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த, உயரமான ஆள். முதலில் ஸ்பானிய மொழியில் கேட்டவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறினார்.

"கேபிள் காருக்கு எந்தப் பக்கம் என்று தெரியுமா? கடைசிப் பெட்டியைத் தவறவிட்டால் மனைவி என்னைக் கொன்றுவிடுவாள்."

என் கணவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். அந்த மனிதர் எங்களுடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்.

"கியூபெக்கா?"

"மொன்றியல்."

"இங்கேயா! மொன்றியலிலிருந்து!" சட்டைப் பையிலிருந்து உலர்ந்த அத்திப்பழங்களை எடுத்து எங்களுக்கு ஆளுக்கு இரண்டு தந்தார். விரல்கள் குளிரில் சிவந்திருந்தன.

என் கணவர் இடப்பக்கத்துக்குக் கையை நீட்டினார். "நாங்கள் வந்த வழி சுற்று. இதால் நேரே போங்கள். கற்குவியல்களை விடாதீர்கள். நாற்பது நிமிடத்தில் கேபிள் கார்."

எனக்கு நிச்சயமில்லை. காலையில் நாங்கள் நடந்த நேரத்தையும் வரைபடத்தில் பார்த்த தூரத்தையும் வைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவு இன்னும் வரவில்லை என்று மனதில் ஏதோ உறுத்தியது. வாயைத் திறந்தேன். அந்த மனிதர் தொப்பியைத் தொட்டு "மெர்சி, மதாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் நிறம் நாலு அடியில் மங்கி, ஆறாவது அடியில் இல்லாமல் போனது. தடியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

நாங்கள் வலப்பக்கம் நடந்தோம். இருபது நிமிடம் கழித்து ஒரு பெரிய பாறையில் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டிருந்தது. ஒரு அம்பு குடிலுக்கு, மற்றது கேபிள் காருக்கு. அதுதான் வரைபடத்தில் இருந்த பிரிவு. அப்படியானால் அந்த மனிதருக்குக் காட்டியது வேறு எதுவோ.

என் கணவர் அம்புக்குறியைத் தடவிப் பார்த்தார். மை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"திரும்பிப் போவம்," என்றேன்.

திரும்பினோம். முன்பு நின்ற இடத்துக்கு வந்து கத்தினோம். "முசியே! முசியே!" எங்கள் குரல் மூட்டத்தில் பஞ்சில் விழுந்ததுபோல் அமுங்கியது. இடப்பக்கத்தில் முப்பதடி போனோம். கற்குவியல் ஒன்று, இரண்டு, பிறகு இல்லை. கல் சரிந்து கீழ்நோக்கிப் போனது. அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கீழே எங்கோ கல்லில் கல் படும் சத்தம், இடைவெளி விட்டு விட்டு, மூன்று நான்கு தரம்.

"என்ன அது?"

"ஆடாயிருக்கும். கல்லு உருளுது." அவருடைய உதடு வெளிறியிருந்தது. "பாதை இல்லையெண்டு கண்டால் அந்தாள் திரும்பியிருக்கும். மலைக்குப் பழகின ஆள். வாரும், நாங்களும் விழுந்து சாகப்போறம்."

நான் போனேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன்.

குடிலை அடைந்தபோது ஆறு மணி. கல்லால் கட்டிய சிறிய வீடு. உள்ளே அடுப்பு எரிந்தது, ஈரச் சப்பாத்துகளின் மணம், பத்துப் பன்னிரண்டு பேர். குடிலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி சூப் ஊற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் கரண்டியை எடுத்தோமோ இல்லையோ, மூலையில் இருந்த வானொலிப் பெட்டி கரகரத்தது. பெண்மணி போய்க் கேட்டுவிட்டு வந்து, கையைத் தட்டி எல்லோரையும் பார்த்தார். முதலில் ஸ்பானிய மொழியிலும் பிறகு பிரெஞ்சிலும் சொன்னார்.

"ஒரு வயதான மனிதர் கேபிள் காருக்குத் திரும்பி வரவில்லை. மஞ்சள் மழைச்சட்டை. மனைவி கீழே காத்திருக்கிறார். வழியில் யாராவது கண்டீர்களா?"

மேசைக்குக் கீழே என் கணவரின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"பேசாமல் இரும்," என்றார், உதடு அசையாமல்.

அந்தப் பிடியின் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணர் இலங்கையில், சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், றோட்டோரத்தில் ஒரு பிணத்தைக் கண்டு போய்ச் சொன்னார். கண்டேன் என்று சொன்னதற்காகவே சீருடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்த அண்ணர் வேறொரு ஆள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எதையும் கண்டதில்லை. நான் கலியாணம் கட்டி வந்தபோது மாமி எனக்குச் சொன்ன முதல் புத்தியும் அதுதான். யார் கேட்டாலும் காணேல்லை என்று சொல்லு பிள்ளை.

ஆனால் அன்று பேசாமல் இருந்த வாய் என்னுடையது. பிரெஞ்சு வசனம் நாக்கில் தயாராக இருந்தது. ஓம், கண்டோம், மூன்றரை மணிக்கு. அதை நான் சூப்போடு விழுங்கினேன். மற்றவர்கள் காணவில்லை என்று தலையை ஆட்டினார்கள். குடில்காரப் பெண்மணியும் இரண்டு இளைஞர்களும் விளக்குகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். யன்னலால் பார்த்தேன். கேபிள் காருக்கு இறங்கும் வழமையான பாதையில் கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் தேடிய இடத்தில் அந்த மனிதர் இல்லை என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

காலையில் மூட்டம் அப்படியே நின்றது. ஏழு மணிக்கு மலைமீட்புக் காவலர்கள் நான்கு பேர் கீழேயிருந்து நடந்து வந்து சேர்ந்தார்கள். கயிறுகள், தூக்குப்படுக்கை, நனைந்த சீருடை. சீருடையைக் கண்டதும் என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொல்லப்போறன்," என்றேன்.

"என்னத்தை? நாங்கள் அனுப்பினம் எண்டோ? எங்களைப் பாத்தா என்ன நினைப்பாங்கள் எண்டு தெரியுமோ? தள்ளி விழுத்திப்போட்டு வந்து கதை சொல்லுறாங்கள் எண்டு சொல்லுவாங்கள். இரவு கேக்கேக்க ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள். அதுக்கு என்ன சொல்லப்போறீர்?"

"பயந்து போனம் எண்டு சொல்லுவன்."

"விசர்க்கதை கதையாதையும்."

"அந்தச் சத்தம் ஆடில்லை. உங்களுக்கும் தெரியும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருடத்தில் நான் அவருடைய சொல்லைத் தட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம். திரும்பி உள்ளே நடந்தேன். 

காவலர்களில் மூத்தவருக்குப் பிரெஞ்சு தெரிந்தது. நரைத்த தாடி. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எந்தப் பக்கம் போனார்?"

"இடப்பக்கம்."

"அங்கே பாதை இல்லையே. ஏன் அங்கே போனார்?"

"அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது."

"யார் சொன்னது?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். கதவு திறந்து குளிர் வந்தது. என் கணவர் வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"நான்," என்றார் பிரெஞ்சில். "நான்தான் கையைக் காட்டினேன். இடம் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போனோம். கல் தட்டும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வந்தோம்."

நரைத்த தாடிக்காரர் ஏசவில்லை. குடில்காரப் பெண்மணி மட்டும் கையிலிருந்த பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாங்கள் புறப்படும் வரைக்கும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

காவலர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிரிவுக்குப் போனார்கள். அந்த இரண்டு கற்குவியல்களையும் என் கணவர் அடையாளம் காட்டினார். இளம் காவலர் ஒருவர் கயிற்றில் இறங்கினார். மூத்தவர் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஊதுகுழலை ஊதினார். மூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. டொக். நீண்ட இடைவெளி. டொக்.

என் கணவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்தின் சரிவில், ஒரு கல்தட்டில் அந்த மனிதர் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கத்த முடியாமல், முதல் நாள் பின்னேரத்திலிருந்து, கல்லால் கல்லைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மூட்டத்தில் ஹெலிகொப்டர் வர முடியாது. தூக்குப்படுக்கையில் கட்டி மேலே இழுத்து, கேபிள் கார் வரை சுமக்கவேண்டும். ஆள் போதவில்லை. என் கணவர் எதுவும் கேட்காமல் முன்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். தார் உருளைகளைத் தோளில் ஏற்றிப் பழகிய ஆள். மூன்று மணி நேரமும் அவர் கை மாற்றவில்லை.

நான் படுக்கைக்குப் பக்கத்தில் நடந்தேன். அந்த மனிதரின் முகம் மெழுகுபோல் இருந்தது. நடுக்கம்கூட நின்றிருந்தது. அது நல்லதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. ஓரிடத்தில் சுமையை இறக்கி வைத்தபோது கண்ணைத் திறந்தார். என் கணவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"மொன்றியல்," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்கள் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா?"

என் கணவர் தலையை ஆட்டினார்.

"நல்லது," என்றார் அந்த மனிதர். அதற்குப் பிறகு அவர் பேசி நான் கேட்கவில்லை.

ஊரில் நாங்கள் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தோம். எங்கள்மேல் வழக்கு ஒன்றும் வராது, மலையில் ஒவ்வொருவரும் தன் பாதைக்குத் தானே பொறுப்பு என்றார் நரைத்த தாடிக்காரர். பேனையை மூடிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "நேற்று மாலையே தெரிந்திருந்தால் நேற்றே எடுத்திருப்போம்," என்றார். இரண்டு நாள் கழித்து, நாங்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவரே தொலைபேசியில் அழைத்தார். அந்த மனிதர் வைத்தியசாலையில் இறந்துவிட்டார். முறிவு பெரிதில்லை, குளிர்தான் என்றார். மனைவி எங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன்.

மொன்றியலுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் எங்களோடு தமிழில் கதைப்பவள். கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். அன்று பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்த மேசையில் ஏன் பேசாமல் இருந்தீர்கள்? அவளுடைய அப்பா, பெரியப்பாவின் கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அவளுக்கு அந்தக் கதை தெரியும். "அது அங்க, அப்பா," என்றாள் தமிழில். "இது வேற இடம்."

"தெரியும்," என்றார். "இப்ப தெரியும்."

அவர் திரும்பவும் கூரைக்குப் போனார். ஏறுசுவர்க் கூடத்துக்கு மட்டும் போகவில்லை. சாப்பாட்டின் நடுவில் கரண்டியை வைத்துவிட்டு எதையோ கேட்பதுபோல் இருப்பார். மேல் வீட்டில் யாரோ சுத்தியலால் அடிப்பார்கள், அல்லது வெளியே இரும்புப் படிக்கட்டில் யாராவது இறங்குவார்கள். நானும் கரண்டியை வைப்பேன். அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் சாப்பிடமாட்டோம்.

ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளிநாட்டு எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வயதான பெண்ணின் பிரெஞ்சு. யார் என்று அவர் சொல்ல முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் போட்டேன். என் கணவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"நீங்கள் அவரைக் கண்டபோது எப்படி இருந்தார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சிரித்துக்கொண்டிருந்தார், மதாம். உங்களைப் பற்றிச் சொன்னார். கடைசிப் பெட்டியைத் தவறவிட்டால் நீங்கள் கொன்றுவிடுவீர்கள் என்றார். எங்களுக்கு அத்திப்பழம் தந்தார்."

அந்தப் பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"அவருக்குத் தப்பான வழி சொல்லப்பட்டது என்று காவலர்களின் தாளில் எழுதியிருக்கிறது. அது நீங்களா?"

என் கணவர் தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்தார்.

"அது நான், மதாம்," என்றார். "எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. அன்று மாலை குடிலில் கேட்டபோது நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அது அந்தத் தாளில் இருக்கிறதோ தெரியாது. நீங்கள் அறிய வேண்டும்."

 அந்த அம்மா வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது. எங்கோ கதவு சாத்தப்பட்டது.

"இல்லை," என்றார் கடைசியில். "அது அதில் இல்லை."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

என் கணவர் வெளியே போய் முன்படியில் இருந்தார். மேப்பிள் இலைகள் தெரு முழுக்க விழுந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் "பொஞ்சூர்" சொன்னார், இவர் திரும்பச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் போய் அருகில் உட்கார்ந்தேன்.

"சொன்னது சரிதானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அந்த மனுசிக்கு இனி நித்திரை வராது."

 அவருடைய கை என் கைக்குப் பக்கத்தில், படியின் இரும்பில் கிடந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை. குளிரத் தொடங்கியதும் இருவரும் எழுந்து உள்ளே போனோம்.

அந்த எண்ணிலிருந்து இதுவரை வேறு அழைப்பு வரவில்லை. நாங்களும் அழைக்கவில்லை.